முதலில் உடைவது எது?

1989-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஒரு செவ்ரோலே ஷோரூம். கமாரோ ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வந்தவர் ஆர்டர் படிவத்தை நிரப்புகிறார். வேகத்துக்கான பின் ஆக்சில் வேண்டும் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கிறார். ஏசி வேண்டாம் என்கிறார். சேல்ஸ்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்திருப்பார். அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் காரில் ஏசி வேண்டாம் என்பவர் கஞ்சராக இருக்க வேண்டும், அல்லது விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இவர் விஷயம் தெரிந்தவர். அந்த இரண்டு குறிகளும் ஒன்றாக விழுந்தால் தொழிற்சாலையில் வேறொரு கதவு திறக்கும். பெரிய பிரேக் டிஸ்க்குகள், அலுமினிய காலிப்பர்கள், அலுமினிய புரொப்பல்லர் ஷாஃப்ட், உள்ளே தடுப்புகள் வைத்த பெட்ரோல் டேங்க் எல்லாம் பொருத்தப்பட்டு அந்த கார் வெளியே வரும். விளம்பரப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நிறுவனத்துக்குள் இதன் பெயர் ‘1எல்இ’. முதல் வருடமான 1988-ல் வெளிவந்தவை 4 கார்கள். 1989-ல் 111.

கார் பிரியர்கள் இந்தக் கதையை ரகசியச் சீட்டு போலச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். எனக்கு அதற்குப் பின்னால் இருக்கும் சங்கடம்தான் சுவாரசியம். செவ்ரோலே அந்தப் பாகங்களை ஆசைப்பட்டுச் செய்யவில்லை. ஷோரூமில் இருந்து அப்படியே எடுத்துவந்த கமாரோக்களை வைத்து கனடாவிலும் அமெரிக்காவிலும் பந்தயம் ஓட்டினார்கள். ஓட்டியவர்களுக்கு பிரேக் நிற்கவில்லை. வளைவில் திரும்பும்போது, டேங்க்கில் பெட்ரோல் மிச்சம் இருந்தும் எஞ்சின் இருமியது. ‘எங்கள் கார் வேகமானது’ என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த நிறுவனத்தின் மானம் ஞாயிற்றுக்கிழமை தோறும் டிராக்கில் கப்பலேறியது.

அந்த மானத்தை வாங்கியவை எதிர்க் கம்பெனி கார்கள் அல்ல. ஒரு விதிப்புத்தகம்.

மாற்றக் கூடாது என்ற கட்டளை

ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா, சுருக்கமாக எஸ்சிசிஏ, 1944-ல் பாஸ்டன் பக்கம் சில கார் பிரியர்கள் கூடித் தொடங்கிய சங்கம். போர் முடிந்து பிரிட்டனிலிருந்து எம்ஜி டிசி போன்ற குட்டி இரட்டை இருக்கை கார்கள் வந்து இறங்கின. 1,250 சிசி எஞ்சின், 54 குதிரைத்திறன். இன்று நம் ஊரில் ஓடும் சாதாரண ஹேட்ச்பேக்குக்கு அதைவிட அதிக சக்தி. 1948 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் ஊரில், கடைத்தெருவும் மண் ரோடும் ரயில்வே கேட்டும் கலந்த பத்தரை கிலோமீட்டர் சுற்றில் அந்தக் காலத்து ஆசாமிகள் போட்டி போட்டார்கள். ஏற்பாடு செய்த காமரூன் ஆர்கெட்சிங்கர் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். பந்தய நேரத்தில் அந்தப் பாதையில் ரயில் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

பொதுச்சாலைப் பந்தயம் நீடிக்கவில்லை. அதே ஊரில் 1952-ல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் கார் மோதி இறந்தான். அதன்பின் பந்தயங்கள் தெருவை விட்டு வெளியேறின. 1952 முதல் 1954 வரை விமானப்படைத் தளங்களின் ஓடுபாதைகளில் நடத்த ஜெனரல் கர்டிஸ் லிமே இடம் கொடுத்தார். (நம் சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்தான். சென்னைக்காரர்கள் பல பத்தாண்டுகள் அங்கேதான் கார் பந்தயம் பார்த்தார்கள். போர் விட்டுப்போன கான்கிரீட்டில் பந்தயம் வளர்ந்தது இரண்டு நாட்டுக்கும் பொது.)

பரிசுப் பணத்துக்கு ஓட்டுவதை ஆரம்பத்தில் இந்தச் சங்கம் கௌரவக் குறைவாக நினைத்தது. வாரம் முழுக்க பல் டாக்டராகவும் வக்கீலாகவும் மெக்கானிக்காகவும் இருப்பவர்கள் சனி, ஞாயிறில் ஹெல்மெட் மாட்டுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் செலவு கட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்குத்தான் விதிகள்.

விதிகளில் பல ரகம் உண்டு. ‘புரொடக்‌ஷன்’ வகுப்பில் விற்பனைக்கு வந்த கார்களை ஓரளவு மாற்றலாம். அங்கே எஞ்சின் அளவைப் பார்ப்பதில்லை. எந்த கார் எவ்வளவு வேகம் போகக்கூடும் என்பதை வைத்து ஏ, பி, சி என்று எழுத்து கொடுத்தார்கள். 1970-களில் வந்த ‘ஷோரூம் ஸ்டாக்’ வகுப்பு இன்னும் கறார். கடையில் வாங்கியபடியே ஓட்ட வேண்டும். கார்பெட்டும் இருக்க வேண்டும். ஓட்டுநர் உயிரைக் காக்கும் இரும்புக் கூண்டு, பெல்ட், தீயணைப்பான் ஆகியவற்றைத்தான் கூடுதலாகப் பொருத்தலாம். புத்தகத்தில் ‘செய்யலாம்’ என்று எழுதியிருந்தால் செய்யலாம். எழுதவில்லை என்றால், எவ்வளவு சின்ன வேலையாக இருந்தாலும் செய்யக்கூடாது.

சிக்கனத்துக்காகத்தான் இந்த விதியை எழுதினார்கள். ஆனால் அது கார் கம்பெனிகளுக்கு ஒரு பொதுத்தேர்வாக ஆகிவிட்டது. பலவீனமான பாகத்தை மாற்ற அனுமதி இல்லை என்றால், அந்தப் பாகம் எல்லோர் கண் முன்னாலும் உடையும்.

பிரேக், எண்ணெய், பிறகு மற்றவை

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் நமக்கு எஞ்சின்தான் நினைவுக்கு வரும். டிராக்கில் அது தன்னால் சாவது அபூர்வம். பெரும்பாலும் வேறு ஏதாவது முதலில் கைவிடும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 200 கிலோமீட்டரில் நேர்ப்பாதையில் வந்து, வளைவுக்காக 80-க்கு இறங்குகிறது. அந்த நாலைந்து விநாடியில் கார் இழக்கும் ஆற்றல் முழுக்கச் சூடாகிறது. ஆறரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு அது. அதில் பெரும்பங்கு முன் சக்கரத்தின் இரண்டு இரும்புத் தட்டுகளுக்குப் போகிறது. தட்டு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒரு சுற்றில் ஏழெட்டு முறை, ஒரு பந்தயத்தில் இருபது சுற்று.

முதலில் பேட் வழுக்கும். பிறகு பிரேக் ஆயில் கொதிக்கும். டாட்-3 என்று டப்பாவில் போட்டிருக்கும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு அதற்குக் கேட்கப்படும் அளவு வெறும் 140. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. எனவே பெடலை மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதித்தது போல் தரை வரைக்கும் போகும். கார் நிற்காது. மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று அங்கே போர்டே வைத்திருக்கிறார்கள்.

கமாரோவுக்கு நடந்ததும் இதுதான். வழக்கமான பத்தரை அங்குல டிஸ்க்குக்குப் பதில் ஏறத்தாழ பன்னிரண்டு அங்குல டிஸ்க் கொடுத்தார்கள். அந்தப் பெரிய டிஸ்க்கை எங்கே தேடிப் பிடித்தார்கள் தெரியுமா? போலீஸும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டிய கேப்ரிஸ் என்ற பெரிய செடானிலிருந்து. வேகத்துக்குப் பேர்போன கார், டாக்ஸியிடம் பிரேக் கடன் வாங்கியது!

அடுத்தது எண்ணெய். எஞ்சினின் அடியில் இருக்கும் சம்ப்பில் ஆயில் தேங்கி நிற்கும். அதை ஒரு குழாய் உறிஞ்சி பம்ப்புக்கு அனுப்பும். தூக்குவாளியில் சாம்பார் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வண்டி வளைந்தால் சாம்பார் ஒரு பக்கம் ஏறும். நல்ல டயர் போட்ட கார், வளைவில் தன் எடைக்குச் சமமான பக்கவாட்டு விசையைத் தாங்கும். அப்போது சம்ப்பிலுள்ள ஆயிலின் மேற்பரப்பு 45 டிகிரி சாய்ந்து நிற்கும். நீண்ட வளைவாக இருந்தால் உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கும். கிராங்க்குக்கும் கனெக்டிங் ராடுக்கும் நடுவே ஓட வேண்டிய மயிரிழைப் படலம் மறையும். அதன் பிறகு உலோகம் உலோகத்தைத் தின்னும்.

போர்ஷே 944 என்ற கார் இதற்குப் பெயர் வாங்கியது. சாலையில் அருமையான கார், எடை முன்னும் பின்னும் கச்சிதமாகப் பிரிந்திருக்கும். டிராக்குக்குப் போனால் இரண்டாம் எண் ராட் பேரிங் முதலில் போகும். முதலாவதோ நான்காவதோ போகாது, இரண்டாவதுதான். அந்த காரை அமெச்சூர் பந்தயத்தில் ஓட்டுபவர்கள் ராட் பேரிங்கை டயர் மாதிரி நினைக்கிறார்கள். தேயும் சாமான், காலாகாலத்தில் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கார்வெட்டின் வேகமான ரகத்துக்கு 2006-ல் செவ்ரோலே சம்ப்பையே மாற்றி, ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் ஏற்பாட்டைக் கொடுத்தது. பந்தயக் கார்களில் வழக்கமான அந்த ஏற்பாடு அன்றுமுதல் கார்வெட் வாங்குபவருக்கும் ஷோரூமிலேயே கிடைத்தது.

டயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாலை டயரோடுதான் ஓட வேண்டும் என்ற காலத்தில், புதுசு வாங்கியவர்கள் முதல் காரியமாக அதைச் சீவினார்கள். ஆழமான பூக்கட்டைகள் வளைவில் நெளிந்து சூடாகிப் பிய்ந்துபோகும். மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குச் சீவிவிட்டால் வேகமாகவும் போகும், அதிக நேரமும் நிற்கும். புது டயருக்குக் காசு கொடுத்து, அதைத் தேய்க்கவும் காசு கொடுத்தார்கள்.

நியூமனின் கார், நிஸானின் கிராங்க்

நடிகர் பால் நியூமன் ஒரு ரேஸ் படத்துக்காக 1960-களின் கடைசியில் ஸ்டியரிங் பிடித்தவர், பிறகு விடவே இல்லை. பந்தயப் பட்டியலில் ‘பி.எல். நியூமன்’ என்றுதான் பெயர் கொடுப்பார். 1976-ல் டி புரொடக்‌ஷன் வகுப்பில் டிரையம்ப் டிஆர்6 ஓட்டி தேசிய சாம்பியன் ஆனார். அது அவர் வென்ற முதல் தேசியப் பட்டம். மொத்தம் நான்கு வென்றார்.

டிஆர்6-ஐப் பற்றி மெக்கானிக்குகளைக் கேட்டால் முதலில் சொல்வது அதன் குரலை அல்ல, அரைநிலா வடிவில் இருக்கும் இரண்டு மெல்லிய வாஷர்களை. கிராங்க் முன்பின் நகராமல் பிடித்து நிறுத்துவது அவைதான். ஒவ்வொரு முறை கிளட்ச்சை மிதிக்கும்போதும் அழுத்தம் அவற்றின் மேல் விழுகிறது. தேய்ந்து ஒருநாள் சம்ப்பில் விழுந்தால் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். சில ரூபாய் வாஷர், பல ஆயிரம் ரூபாய் எஞ்சின். இன்னொரு பிரிட்டிஷ் குட்டிக் கார் ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட். தவளைக் கண் போன்ற விளக்குகளோடு 1958-ல் வந்தது, 948 சிசி. அதற்குப் பின் ஆக்சில் தண்டு முறியும். முறிந்தாலும் அந்தத் தவளையை விடாப்பிடியாகப் பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். எடை குறைவு என்பதால் மற்றபடி அதில் உடைய அதிகம் இல்லை.

உடைந்ததை நிறுவனம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு டட்சன் 240இசட் நல்ல சாட்சி. 1970-ல் அமெரிக்காவில் புதிதாக இறங்கிய இந்த ஜப்பானிய காரை பீட்டர் பிராக்கின் குழு சி புரொடக்‌ஷனில் இறக்கியது. அங்கே போர்ஷே 914-6 காத்திருந்தது. ஆரம்பகால 240இசட் எஞ்சினை உயர்ந்த சுழற்சியில் விரட்டினால் கிராங்க் அதிர்ந்தது. அந்த அதிர்வில் ஃப்ளைவீல் போல்ட்டுகள் தளர்ந்தன. ஆபீஸ் போய் வருபவர் அந்தச் சுழற்சியை வாழ்நாளில் தொடமாட்டார். பந்தயக்காரர் ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் தொடுகிறார். டட்சனைத் தயாரித்த நிஸான் கிராங்க்கைத் திருத்தி வடிவமைத்தது. பிராக் குழுவின் ஓட்டுநர் ஜான் மார்ட்டன் 1970, 1971 இரண்டு வருடமும் பட்டம் வென்றார். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த காரை வாங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு, தங்கள் எஞ்சினின் மௌனத்துக்குப் பின்னால் யாருடைய போல்ட் தளர்ந்தது என்று தெரிந்திருக்காது.

எல்லாத் தேர்விலும் தேறிவிட்டால்? அதற்கும் உதாரணம் உண்டு. 1985 முதல் 1987 வரை ஷோரூம் ஸ்டாக் நெடுந்தூரப் பந்தயங்களில் கார்வெட் தோற்கவே இல்லை. போர்ஷே 944 டர்போ வந்தும் அசைக்க முடியவில்லை. பந்தயத்தில் பார்க்க ஒன்றுமில்லாமல் போனது. கடைசியில் கார்வெட்டை அந்த வகுப்பிலிருந்து வெளியேற்றினார்கள். 1988-ல் கார்வெட்டுகள் மட்டும் தங்களுக்குள் ஓட, எஞ்சினுக்கு சீல் வைத்துத் தனித் தொடர் நடந்தது. அந்த மூன்று வருடப் பாடத்தில் கிடைத்த பெரிய பிரேக் 1988 மாடலில் எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது.

மியாட்டா என்னும் விதிவிலக்கு

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்டா ‘மியாட்டா’ என்ற ஒரு சின்ன திறந்த காரைக் காட்டியது. 1.6 லிட்டர், 116 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குள். பழைய பிரிட்டிஷ் கார்களின் ஆன்மா, ஆனால் தரையில் ஆயில் சொட்டாது என்பதுதான் அதன் கவர்ச்சி. 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இன்று அமெரிக்க அமெச்சூர் பந்தயத்தில் அதிகம் பேர் ஓட்டும் வகுப்புகளில் ஒன்று ‘ஸ்பெக் மியாட்டா’. அதில் எல்லோருக்கும் ஒரே காரின் பழைய மாடல்கள், ஒரே ஸ்பிரிங், ஒரே டயர். 1.8 லிட்டர்காரர்களுக்கு எடை அதிகம். சக்தி கூடிய பிந்தைய எஞ்சின்களுக்குக் காற்று போகும் வழியில் ஓட்டை சிறிதாக்கிய தட்டு. எடையைக் கணக்கிடும்போது ஓட்டுநரையும் சேர்த்தே தராசில் ஏற்றுவார்கள். தொந்திக்காரருக்கும் ஒல்லியானவருக்கும் ஒரே நியாயம்.

ஏன் இந்த கார் தாங்குகிறது? என் கணிப்பில் எடைதான் பாதி விடை. மேலே சொன்ன அதே பிரேக் கணக்கை மியாட்டாவுக்குப் போட்டால், வேகமும் எடையும் குறைவு என்பதால் சூடு பாதிக்கும் கீழே வருகிறது. மீதி விடை சக்கரக் கோணம். நான்கு சக்கரத்தையும் தொழிற்சாலை போல்ட்டுகளைத் திருகியே உள்பக்கம் சாய்த்துவைக்கலாம். அந்த வசதி இல்லாத பல கார்கள் வளைவில் டயரின் வெளி ஓரத்தையே அரைத்துத் தீர்க்கும்.

மியாட்டாவும் தெய்வப் பிறவி அல்ல. 1990, 91 மாடல்களின் தொடக்க எஞ்சின்களில் கிராங்க்கின் முனை குட்டை. கப்பி போல்ட் தளர்ந்தால் சாவி பதியும் பள்ளம் தேய்ந்து எஞ்சின் தாளம் தப்பும். பழைய கார் வாங்குபவர் கப்பியில் நான்கு பள்ளமா, எட்டுப் பள்ளமா என்று விளக்கடித்துப் பார்ப்பார். நான்கு என்றால் யோசிப்பார். 1.6-ன் பின் டிஃபரன்ஷியல் சிறியது, பந்தயத்தில் பல் உதிரும். எல்லாவற்றையும் விட அச்சம் தருவது முன் சக்கர ஹப். அதன் பேரிங் பிரித்துப் பழுது பார்க்கும்படி செய்யப்பட்டதல்ல. ஒட்டும் டயரும் ஓரக் கல்லில் ஏறி இறங்கும் அடியும் சேர்ந்து அதைத் தின்கின்றன. அதனால் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு முன் சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கைவைத்து ஆட்டிப் பார்க்கிறார்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அந்த ஹப் குப்பைக்குப் போகும்.

விதி இறுகும்போது மனித மூளை வேறு வழி தேடும். ஷோரூம் ஸ்டாக் நாட்களில் சிலர் ஒரே மாடலில் பல கார் வாங்கி, சக்தி அதிகமுள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விற்றார்கள். மாற்றக்கூடாது என்றுதானே சட்டம், பொறுக்கக்கூடாது என்று இல்லையே! 2014-ல் லகுனா செக்கா டிராக்கில் நடந்த தேசியப் போட்டிக்குப் பின் ஸ்பெக் மியாட்டா எஞ்சின்களைத் திறந்து பார்த்தார்கள். வால்வு இருக்கைக்குக் கீழே தொழிற்சாலைக் கருவி விட்டுப்போகும் ஒரு கூர்விளிம்பு, கைவிரலால் தடவினால் தெரியும் அளவு. அது மழுங்கியிருந்தது. முன்னணியில் முடித்த பலர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். தொழிற்சாலையே அப்படி விட்டதா, யாராவது அரம் போட்டார்களா என்று சண்டை நீண்டது. அந்த விளிம்புக்கென்றே பிறகு விதியைத் தெளிவுபடுத்தி எழுத வேண்டிவந்தது.

போட்டியாளர் மீது சந்தேகம் வந்தால் புகார் கொடுக்க வழி உண்டு. அதற்குப் பணம் கட்ட வேண்டும். எதிராளியின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துக் குற்றம் இல்லை என்றால், கட்டிய பணம் எதிராளிக்கே போய்விடும். நம் ஊர் உள்ளாட்சித் தேர்தலுக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவரலாம் என்று தோன்றுகிறது.

ஷோரூம் ஸ்டாக் என்ற பெயர் இன்று அந்தச் சங்கத்தின் தேசியப் போட்டிப் பட்டியலில் இல்லை. அதன் இடத்தை ‘டூரிங்’ வகுப்புகள் பிடித்துக்கொண்டன. அங்கே சில மாற்றங்களுக்கு அனுமதி உண்டு. கார்கள் வேகமாகிவிட்டன, கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது, முழுக்கத் தொடாமல் ஓட்டுவது ஆபத்து என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் கறாரான பழைய தேர்வில் தெரிந்தது இதில் தெரியாது. பிரேக்கை மாற்ற அனுமதித்துவிட்டால், கம்பெனி கொடுத்த பிரேக் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் காரும் சர்வீஸுக்குப் போகும் நாள் வரும். மெக்கானிக்கிடம் பிரேக் ஆயிலை எப்போது கடைசியாக மாற்றினார் என்று கேளுங்கள். எஞ்சின் ஆயிலைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை, இதைக் கேட்பவர் குறைவு. இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மலைக்குக் கிளம்புவதற்கு முன்பே சொல்லுங்கள்.